அறுந்த வலையை வீட்டிலேயே செப்பனிடுதல்

நமது கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினர்கள் தறியையோ நிலத்தையோ நம்பி வாழ்பவர்கள். மீன்பிடித்தலையே முழுத் தொழிலாகக் கொண்டோர் நம்மிடையே சிலரே. ஆயினும், காவிரியும் பவானியும் கூடுகின்ற பகுதியில் ஜமக்காளத் தறி போட்டிருக்கும் வீடுகளிலும், மஞ்சளும் கரும்பும் பயிரிடுவோர் வீடுகளிலும், தாழ்வாரத்துச் சட்டத்தில் ஒரு வலை தொங்குவது புதுமையன்று. பாவு கிடைக்காத நாட்களிலும், அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடைப்பட்ட நாட்களிலும், அந்த வலை குடும்பத்துக்கு ஒரு வேளைக் குழம்பையும் சில சமயம் கைச்செலவுக்குக் காசையும் தருகின்றது. பண்ணைக் குட்டை வெட்டிக் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு வளர்க்கும் விவசாய அன்பர்களும் இப்போது நம்மிடையே இருக்கின்றனர். இவர்கள் எல்லோரும் வலையை வீசவும் விரிக்கவும் அறிவார்கள். வலை கிழிந்துவிட்டால் மாத்திரம் கைகட்டி நின்றுவிடுகின்றனர். அந்தக் குறையைப் போக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் எமது சங்கத்திற்கு ஒரு கடன் மனு வந்தது. மனுதாரர் நெசவாளர், ஆற்றோரத்தில் வசிப்பவர். வலை கிழிந்துவிட்டதென்றும், புது வலை வாங்கப் பணம் வேண்டுமென்றும் எழுதியிருந்தார். பழைய வலையைக் கொண்டுவரச் சொல்லித் திண்ணையில் விரித்துப் பார்த்தோம். நான்கு இடங்களில் கிழிசல். பெரியதுகூட ஒரு முறத்தின் அகலத்துக்கு மேல் இல்லை. மற்றப்படி வலை முழுவதும் உறுதியாகவே இருந்தது. அந்த வலையும் ஒரு மீன் வியாபாரி கொடுத்த முன்பணத்தில் வாங்கியதென்பது விசாரித்தபோது தெரியவந்தது. அந்தக் கணக்குத் தீரும் வரையில், பிடித்த மீனை எல்லாம் அவர் சொன்ன விலைக்கே அவருக்கே கொடுக்க நேர்ந்திருக்கின்றது. இரண்டாவது வலைக்கும் அதே வழியில் போய்விடக் கூடாதே என்றுதான் மனுதாரர் சங்கத்தின் படியேறினார்.

கடன் கொடுக்க நமக்குத் தடையில்லை. ஆனால், முக்கால் பங்குக்கு மேல் நல்ல நிலையிலிருக்கும் ஒரு வலையை ஒதுக்கிவிட்டுப் புதியதற்குக் கடன்படுவது எங்கள் மனத்துக்கு ஒப்பவில்லை. ‘இழை முடியத் தெரிந்த நமக்கு இது ஒரு வேலையா?’ என்று நாங்கள் இருவர் மூவர் சேர்ந்து, தறியில் மிஞ்சிய பருத்தி நூலை முறுக்கேற்றி, கிழிசல்களை அன்று மாலையே மூடிக் கொடுத்தோம். பெருமையாகவும் இருந்தது. இரண்டாம் மாதத்தில் வலை திரும்பி வந்தது. நாங்கள் போட்ட ஒட்டுகள் அத்தனையும் கையால் இழுத்தாலே பொடிந்தன. ஒட்டுப்போட்ட இடங்களைச் சுற்றி வலை சுருங்கிப் பை போலத் தொங்கியது. பரிசல் ஓட்டி மீன்பிடிக்கும் முதியவர் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “ஏனுங்க, முடிச்செல்லாம் நல்லாத்தானுங்க போட்டிருக்கீங்க. காலை எண்ணாமப் போட்டுட்டீங்களே!” என்றார். நாங்கள் இப்போது எழுதுவதில் பெரும்பகுதி அன்று அவரிடம் கற்றதுதான்.

எங்கள் முதல் பிழை நூலைப் பற்றியது. பருத்தியும் சணலும் செடியிலிருந்து கிடைக்கும் நார்கள். நீரிலுள்ள நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று அழிக்கின்றன. பருத்தி நனைந்தபோது வலுக் கூடுவது உண்மையே. நாமும் தறியில் அதை அறிவோம். ஆனால், ஈரத்திலேயே கிடந்தால் அது மக்கும். நம் முன்னோர் பருத்தி வலையைப் பனிச்சங்காயின் துவர்ச் சாற்றில் ஊறவைத்துக் காயவைத்துப் பாதுகாத்தனர். அடிக்கடி அவ்வாறு செய்யவும் வேண்டியிருந்தது. கொச்சியில் 1957-ஆம் ஆண்டில் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்ற காலத்தையொட்டி நைலான் நூல் நம் நாட்டு வலைகளில் புகுந்தது. பின்னர் அதுவே எங்கும் பரவிற்று. நைலான் நீரில் மக்குவதில்லை. ஆகவே நைலான் வலைக்கு நைலான் நூலே வேண்டும். தறியில் மிஞ்சிய நூல் சிக்கனம் போலத் தோன்றினும், அது சிக்கனமன்று.

கடையில் இந்நூலை 210/1/2, 210/2/3 என்பன போன்ற எண்களால் குறிப்பார்கள். நமக்குப் பழக்கமான பருத்தி நூல் நெம்பரில் எண் ஏற ஏற நூல் மெலியும். ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை இருக்கின்றன என்பதே அந்த எண். டெனியர் அதற்கு நேர் எதிரானது. 9000 மீட்டர் நீளமுள்ள இழை எத்தனை கிராம் எடையுள்ளதோ அதுவே டெனியர். எண் ஏற ஏற இழை பருக்கும். 210/2/3 என்றால், 210 டெனியர் இழை இரண்டிரண்டாக முறுக்கப்பெற்று, அவ்வாறான மூன்று புரிகள் மீண்டும் ஒன்றாக முறுக்கப்பெற்றன என்று பொருள். ஆக ஆறு இழை. கிழிந்த வலையின் நூலில் ஒரு துண்டைப் பிரித்து இழைகளை எண்ணிக்கொண்டு கடைக்குப் போவது நல்லது. வலை நூலைவிடப் பருமனான நூலால் ஒட்டுப்போட்டால் உறுதி கூடுமென்று பலர் எண்ணுகின்றனர். ஒட்டு உறுதியாகத்தான் இருக்கும். அதையொட்டிய பழைய நூல் அடுத்தமுறை அறும்.

கருவிகள் இரண்டே. ஒன்று வலை ஊசி. மற்றொன்று அளவுக் கட்டை. இரண்டையும் முற்றிய மூங்கிலிலிருந்து நாமே சீவிக்கொள்ளலாம். ஊசி ஒரு சாண் நீளம் போதும். அதன் ஒரு முனை கூராகவும், கூருக்குச் சற்றுக் கீழே உட்பக்கம் குடைந்து நடுவில் ஒரு நாக்கு நிற்கும்படியும், மறு முனை பிளந்த கவையாகவும் இருக்கவேண்டும். நூலை நாக்கில் மாட்டி, கீழே கொண்டுவந்து கவையில் வளைத்து, ஊசியைத் திருப்பி மறுபக்கமாக மேலே கொண்டுபோய் மீண்டும் நாக்கில் மாட்டி நிரப்பவேண்டும். நெசவாளர் வீட்டில் தார் சுற்றும் பாட்டிமார்களுக்கும் குழந்தைகளுக்கும் இதை ஒருமுறை காட்டினால் போதும். சொல்லப்போனால் வலை ஊசி, நாடாவும் தாரும் ஒன்றாய்ச் சேர்ந்த கருவியே. நூல் நிறைந்த ஊசி வலைக்கண்ணுக்குள் தடையின்றி நுழையவேண்டும் என்பதே அதன் அகலத்துக்கு அளவு. மூங்கிலைக் கண்ணாடித் துண்டால் சுரண்டி வழவழப்பாக்கிவிட வேண்டும். சிலும்பு இருந்தால் நூலைப் பிய்க்கும்.

அளவுக் கட்டை தட்டையான மூங்கில் பட்டை. அதைச் சுற்றிவரும் நூலின் நீளம் எவ்வளவோ, அவ்வளவே கண்ணை இழுத்துப் பிடித்து அளக்கும்போது எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையே வரும் நீளமாகும். 22 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் கனமுமுள்ள கட்டை சுற்றளவில் 50 மில்லிமீட்டர். அதில் பின்னிய வலை 50 மில்லிமீட்டர்க் கண் வலை. புதிய வலை பின்னவே கட்டை கட்டாயம். செப்பனிடுவதற்கு இடக்கை விரல்களே கட்டையாக உதவும். ஒரு விரற்கண், இரு விரற்கண் என்று வலையை விரலால் அளக்கும் வழக்கம் இருப்பதை நினைவிற்கொள்க.

இனி முடிச்சைப் பார்ப்போம். நெசவாளர்களுக்கு இதில் ஒரு மகிழ்ச்சியான செய்தி உண்டு. அறுந்த பாவிழையை இணைக்க நாம் அன்றாடம் போடும் சிறு முடிச்சும் வலை முடிச்சும் அமைப்பில் ஒன்றே. ஒரு நூல் வளைந்து நிற்கின்றது. மற்றது அவ்வளைவுக்குள் புகுந்து, அதன் இரு கால்களையும் சுற்றி வந்து, தன் அடியிலேயே மாட்டிக்கொள்கின்றது. தறியில் இரு முனைகளை இணைக்கிறோம். வலையில் மேல் வரிசையின் வளைவோடு கீழ் வரிசை நூலை இணைக்கிறோம். வேறுபாடு அவ்வளவே.

போடும் முறை பின்வருமாறு: மேல் வரிசைக் கண்ணின் தொங்கும் வளைவுக்குள் ஊசியைப் பின்புறமிருந்து முன்புறமாக நுழைத்து நூலை இழுக்க, அவ்வளைவு இடக்கை விரலின் மேல் விளிம்பில் வந்து படியும். அந்த இடத்தை இடக்கைப் பெருவிரலால் அழுத்திக்கொள்க. இப்போது நூலை இடப்புறமாக மேலே வீசினால், கண்ணின்மேல் ஒரு வளையம் விழும். ஊசியைக் கண்ணின் இரு கால்களுக்கும் பின்னால் வலமிருந்து இடமாகச் செலுத்தி, வீசிய வளையத்தின் வழியே வெளியே எடுத்து, பெருவிரலை விடாமலே இழுத்து இறுக்குக. பெருவிரல் நழுவினால் முடிச்சு வளைவுக்குக் கீழே வழுகி, கண்ணைப் பற்றாமல் தன்னையே பற்றிக்கொள்ளும். பார்வைக்கு முடிச்சுப் போலவே இருக்கும். நகத்தால் தள்ளினால் ஓடும். அவ்வாறு ஓடும் முடிச்சு வலையில் ஒன்று இருந்தாலும் அதைச் சுற்றிக் கண்கள் சிறிதும் பெரிதுமாகிவிடும். நைலான் வழுக்கும் இயல்புடையது. ஆதலால், கண்ணின் கால்களை ஒருமுறைக்குப் பதில் இருமுறை சுற்றி முடிவது நல்லது. எங்கள் சங்கத்தில் முதலில் பருமனான சணல் கயிற்றில் பத்து முடிச்சுப் போட்டுப் பழகிய பிறகே நைலானைக் கையில் கொடுக்கிறோம்.

முடிச்சு கைவந்தபின் பாடம் முடிந்துவிட்டதென்று எண்ணலாகாது. நாங்கள் தவறியதும் இங்கேதான். முதியவர் சொன்ன ‘கால் எண்ணுதல்’ என்பது வலை வேலையின் உயிர்.

கெடாத வலையில் எந்த முடிச்சை எடுத்துக்கொண்டாலும் அதிலிருந்து நான்கு கால்கள் புறப்படும். கிழிசலின் ஓரத்தில் உள்ள முடிச்சுகளில் சிலவற்றுக்கு மூன்று கால் இருக்கும், சிலவற்றுக்கு இரண்டு, சிலவற்றுக்கு ஒன்றே ஒன்று. செப்பனிடும் நூல் ஒரு முடிச்சுக்கு ஒரு காலாக வந்து சேருகின்றது. மற்றொரு காலாக அங்கிருந்து போகின்றது. ஆகவே இரண்டு கால் இழந்து இரண்டு கால் மிஞ்சிய முடிச்சில் நூல் வரவும் போகவும் வழியுண்டு. மூன்று கால் உள்ள முடிச்சிலோ இழந்தது ஒன்றுதான். அங்கே நூல் புறப்படலாம், அல்லது வந்து முடியலாம்; கடந்து போக இயலாது. ஒற்றைக் கால் முடிச்சிலும் அதே இடர்ப்பாடு: நூல் வந்து, போய், மறுபடி வந்து, அங்கேயே அகப்பட்டுக்கொள்ளும். ஒரே கம்பியாக இழுக்கும் கோலம் போடுகின்ற நம் வீட்டுப் பெண்களுக்கு இக்கணக்கு உடனே விளங்கிவிட்டது; எங்களுக்குச் சற்று நேரம் ஆயிற்று.

இதிலிருந்து விதி தானே பிறக்கின்றது. கிழிசலின் மேற்புறத்தில் மூன்று கால் முடிச்சு ஒன்றை வைத்துக்கொள்க, அது தொடக்கம். அடிப்புறத்தில் மூன்று கால் முடிச்சு ஒன்றை வைத்துக்கொள்க, அது முடிவு. இடையிலுள்ள மற்ற ஓர முடிச்சுகள் எல்லாம் இரண்டு கால் உடையனவாகும் வரையில் கத்தரியால் வெட்டிச் சீராக்குக. ஒற்றைக் கால் முடிச்சுகளை அடியோடு வெட்டி எடுத்துவிட வேண்டும். ஒரு காலை வெட்டினால் அடுத்த முடிச்சின் கணக்கும் மாறுமாதலால், மேலிருந்து ஓரம் ஓரமாக எண்ணிக்கொண்டே இறங்குக. கிழிசலைப் பெரிதாக்குகிறோமே என்று மனம் பதறும். பதற வேண்டுவதில்லை. வெட்டாமல் மூடிய கிழிசலே சுருங்கிப் பையாகித் தொங்குவது. எங்கள் ஒட்டுகள் அப்படித்தான் ஆயின.

மிகச் சிறிய எடுத்துக்காட்டு: ஒரே ஒரு கால் அறுந்திருந்தால், அதன் இரு முனையிலும் மூன்று கால் முடிச்சுகள் நிற்கும். ஒன்றில் தொடங்கி மற்றொன்றில் முடித்தால் வேலை தீர்ந்தது, கத்தரிக்கு இடமேயில்லை. வலையைக் கரையேற்றியவுடன் இதைச் செய்பவருக்குப் பெரிய கிழிசல் அரிதாகவே வரும். அறுந்த ஒரு காலை விட்டுவிட்டால், அடுத்த வீச்சில் பக்கத்து முடிச்சுகள் அந்த இழுப்பையும் சேர்த்துத் தாங்க நேருகின்றது. முள்ளோ கல்லோ அங்கேதான் மாட்டும்.

பெரிய கிழிசலுக்கு வலையை ஆணியில் மாட்டி, கிழிசல் கண்ணுக்கு நேராக வரும்படி தொங்கவிட்டுக்கொள்க. மேல் மூன்று கால் முடிச்சில் நூலை இருமுறை முடிந்து தொடங்கி, விரலளவுக்கு ஒரு வளைவு விட்டு, பக்கத்தில் தொங்கும் கண்ணில் முடிந்து, மீண்டும் வளைவு விட்டு அடுத்த கண்ணில் முடிந்து, வரிசையின் கோடி வரையில் போகவேண்டும். ஓரத்தில் இரண்டு காலுடன் நிற்கும் பக்க முடிச்சில் நூலைக் கட்டி, அங்கிருந்து திரும்பி, இப்போது தொங்கவிட்ட வளைவுகளிலேயே எதிர்த்திசையில் முடிந்து வருக. தறியில் நாடா போய்த் திரும்புவது போலத்தான். கடைசி வரிசையில், கீழ் ஓர முடிச்சு ஒன்று, மேலே தொங்கும் வளைவு ஒன்று என்று மாறி மாறிக் கட்டிக்கொண்டு போனால், நூல் தானே கீழ் மூன்று கால் முடிச்சில் போய் நிற்கும். அங்கே வந்து நிற்காமல் வேறெங்கோ முடிந்தால் எண்ணியதில் பிழை என்று அறிக. பிரித்துவிட்டு மறுபடி எண்ணுவதே வழி.

புதிய வலைத் துணியைத் தொழிற்சாலையிலிருந்து வாங்கி, கயிற்றில் கோத்துச் செவுள் வலையாக்குவோருக்கு ஒரு சொல். நாகர்கோவில் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பொறியில் பின்னிய வலைத் துணி கிடைக்கும்போது முழு வலையையும் கையால் பின்னுவது பெரும்பாலும் வீண் உழைப்பு என்பதே எங்கள் கருத்து. ஆனால் கயிற்றில் கோப்பதை நாமே செய்யவேண்டும். வலையின் குணம் அதில்தான் இருக்கின்றது. இழுத்து அளந்தால் 100 மீட்டர் வரும் வலைத் துணியை 50 மீட்டர் மேல்கயிற்றில் கோத்தால், கண்கள் நெடிய சாய்சதுரமாகத் திறந்து துணி தளர்வாக நிற்கும். மீன் தலையை நுழைத்துச் செவுளில் சிக்கும். அதையே 70 மீட்டர்க் கயிற்றில் நீட்டிக் கோத்தால் கண்கள் ஏறக்குறையச் சதுரமாகித் துணி விறைத்து நிற்கும். பரப்பு மிகும், சிக்குவது குறையும். 50 மில்லிமீட்டர்க் கண்ணானால் மூன்று கண்களுக்கு ஒரு கட்டாக, 75 மில்லிமீட்டருக்கு ஒரு கட்டுப் போட்டுவர, சரிபாதிக் கணக்கு தானே அமையும்.

மிதவைக்குத் தேய்ந்த ரப்பர்ச் செருப்பை வெட்டிக் கட்டலாம், பலர் கட்டுகின்றனர். தெர்மோகோல் வேண்டாம், அது உதிர்ந்து நீரெங்கும் மிதக்கும். அடிக்கயிற்றுக்குச் சுட்ட மண் குண்டுகள் செவுள் வலைக்குப் போதுமானவை. குயவரிடம் சொல்லிவைத்தால் செய்து தருவர். ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்கிக் குண்டு வார்ப்பதை மாத்திரம் அங்கத்தினர்கள் அறவே கைவிட வேண்டும். அதன் புகையும் தூளும் விஷம். குழந்தைகளுக்கு மிகவும் கொடியது. வீச்சு வலைக்கு ஈயமே வேண்டுமென்றால் வார்த்த குண்டாகக் கடையில் வாங்கிக் கோத்து, கையைக் கழுவிவிட்டுச் சோற்றில் கைவைக்கவும்.

கண்ணின் அளவு பற்றியும் சொல்லவேண்டும். 1934-இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் ரங்கூன் வலை என்ற பெயருடைய செவுள் வலை நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ளது. பெரிய மீனுக்குப் பெரிய கண் என்பது அங்குள்ள பரிசல்காரர் யாருக்கும் தெரியும். நம்மவர் சிலர் கிழிசலை மூடும்போது, ‘சின்ன மீனும் தப்பாதே’ என்று கண்ணைச் சிறிதாக்கிப் பின்னிவிடுகின்றனர். ஜிலேபிக் கெண்டையைப் பற்றிக் கவலையில்லை. 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அம்மீன் எப்படிப் பிடித்தாலும் பெருகிக்கொண்டேயிருக்கும். ஆனால் குட்டையில் நாமே காசு கொடுத்து விட்ட ரோகுக் குஞ்சு விரல் நீளத்தில் கரையேறினால் நட்டம் யாருக்கு? மேலும், சிறு கண் ஒட்டு நீரை அதிகமாகத் தடுத்து, இழுப்பில் முதலில் அதுவே கிழியும்.

இக்காலத்தில் மலிவாகக் கிடைக்கும் நரம்பு வலையைப் பற்றியும் கேட்கின்றனர். ஒற்றை நரம்பாலான அந்த வலை நீரில் கண்ணுக்குத் தெரியாமையால் நன்றாகவே மீன் பிடிக்கும். ஆனால் மெல்லிய நரம்பில் முடிச்சு நிலைப்பதில்லை. செப்பனிட முயல்வோரும் குறைவு. கிழிந்ததை ஆற்றிலேயே விட்டுவிட்டு வேறு வாங்குகின்றனர். விட்ட வலை மக்காமல் அடியில் கிடந்து, எடுப்பாரின்றி மீனையும் ஆமையையும் நீர்ப்பறவையையும் பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கின்றது. நரம்பு வலை வைத்திருப்பவர்கள் கிழிசலையும் கரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். காய்கறிப் பாத்திக்கும் நாற்றங்காலுக்கும் கோழி வராமல் வேலியாகக் கட்டக்கூட அது உதவும்.

செப்பனிட்ட வலையை நல்ல நீரில் அலசி, சேறும் பாசியும் போக்கி, நிழலில் காயவைக்கவும். நைலானுக்கு நீர் பகையன்று, வெயிலே பகை. கூரைமேல் வெயிலில் மாதக்கணக்காகக் கிடக்கும் வலை, நீரில் இறங்காமலே வலுவிழக்கும். எலியும் வலையை விடாது. ஆகவே மூட்டையாகக் கட்டி மூலையில் போடாமல், காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட வேண்டும்.

மேற்சொன்ன மனுதாரரின் வலை, கால் எண்ணி, நைலான் நூலால் மீண்டும் செப்பனிடப்பெற்று மூன்று கோடைகள் வேலை செய்தது. அவருடைய கடன் மனு அவர் விருப்பப்படியே திருப்பிக் கொடுக்கப்பட்டது. வியாபாரியின் பழைய பாக்கியை அவர் மீன் விற்ற காசிலேயே தீர்த்துவிட்டு, இப்போது சந்தையில் தாமே உட்கார்ந்து விற்கிறார். நைலான் நூலைச் சில்லறையாக வாங்குவதைவிடக் கண்டாக வாங்குவது மலிவாதலால், சங்கத்தின் மூலம் தருவித்து வைத்திருக்கிறோம். தேவைப்படுவோர் தங்கள் வலையின் நூல் துண்டு ஒன்றை மாதிரிக்குக் கொண்டுவந்து, எடைபோட்டுப் பெற்றுக்கொள்ளலாம். மூங்கில் ஊசிகள் இரண்டு அலுவலகத்துச் சுவரில் தொங்குகின்றன. அளவு பார்த்துச் சீவிக்கொள்வதற்கு மட்டும் எடுத்துச் சென்று, மறுநாள் திருப்பித் தரவும்.